கொடுக்கும் வாக்கும் கேட்கும் வாக்கும்

(தோட்டப்புற இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இம்மண்டபத்தில் கூடியிருப்போருள் பலர் இதுவரை ஒருமுறையேனும் வாக்களித்ததில்லை. 2019 ஜூலையில் மக்களவை ஒருமனதாக நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தால் வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18ஆகக் குறைந்தது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடப்பில் உள்ளது. விண்ணப்பிக்காமலே வாக்காளர் பட்டியலில் பெயர் சேரும் முறையும் அதனோடு வந்தது. 1955 ஜூலை 27இல் மலாயாவின் முதற் பொதுத்தேர்தல் நடைபெற்றபொழுது, இங்கு மரம் சீவிய நம் முன்னோருள் மிகப் பலர் குடியுரிமையின்மையால் ஒதுங்கி நின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கோ அவ்வுரிமை கேளாமலே வந்து சேர்கிறது. கேளாமல் வந்ததை ஆராயாமல் செலவிட்டுவிடக் கூடாதே என்பது நம் கவலை.

தேர்தல் வந்துவிட்டால் தோட்டத்திற்கு வருவோர் பலர். கோயில் நிலம், தமிழ்ப்பள்ளிக் கட்டடம், சம்பள உயர்வு, சாலை என அனைத்தையும் ஒரே மூச்சில் அளிப்பதாகக் கூறுவர். அவர்கள் நமக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். நம்மிடம் வாக்குக் கேட்கிறார்கள். தமிழில் இரண்டிற்கும் ஒரே சொல்தான். ஆயின், அவர் கொடுக்கும் வாக்கை நிறைவேற்றும் அதிகாரம் அவர் நாடும் பதவிக்கு உண்டா என்று முதலில் பார்த்தல் வேண்டும்.

நிலம் மாநில அரசின் பொறுப்பு. கோயில் நிலத்திற்கும் வீட்டு நிலத்திற்கும் பட்டா கோருவோர் சட்டமன்ற வேட்பாளரைத்தான் நெருக்கிக் கேட்க வேண்டும். குறைந்தபட்சச் சம்பளமோ மத்திய அரசின் பொறுப்பு. தீபகற்பத்தில் 2013இல் 900 வெள்ளியாகத் தொடங்கிய அத்தொகை 2025இல் 1,700 வெள்ளியாயிற்று. அதனை எந்தச் சட்டமன்றமும் உயர்த்தவில்லை. 2023 ஆகஸ்ட் 12இல் ஆறு மாநிலங்களின் சட்டமன்றத் தேர்தல்கள் நாடாளுமன்றத் தேர்தலினின்று தனித்து நடந்தன. அத்தகைய தேர்தலில் ஒருவர் சம்பளத்தை உயர்த்துவேன் என்றால், எவ்வாறு என்று பணிவாகக் கேட்கலாம். தமிழ்ப்பள்ளியின் நிலை சற்றுச் சிக்கலானது: ஆசிரியர் நியமனம் மத்திய கல்வி அமைச்சைச் சார்ந்தது, பள்ளி நிற்கும் நிலமோ மாநிலத்திற்கோ தோட்ட நிறுவனத்திற்கோ உரியதாயிருக்கலாம். ஆகவே, புதுக் கட்டடம் என்று கேட்டவுடன் கைதட்டாமல், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று வினவுங்கள். தோட்டத்தின் உட்சாலை பெரும்பாலும் நிறுவனத்திற்குச் சொந்தம். ஊராட்சி மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டதாகையால், குப்பைக்கும் கால்வாய்க்கும் உரிய கேள்வியும் சட்டமன்றத் தொகுதியின் வாயிலாகவே சென்றாக வேண்டும்.

இவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கூட்டத்திற்குச் செல்லுங்கள். சென்ற முறை கொடுத்த வாக்கு என்னவாயிற்று என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளலாம். வீட்டுப் பெரியவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

தோட்டத்து வாக்குகள் சிலவே, அவற்றால் ஆவதென்ன என்பாரும் உளர். 2022 பொதுத்தேர்தலில் பாகான் டத்தோ நாடாளுமன்றத் தொகுதியின் முடிவைத் தீர்மானித்த வித்தியாசம் 348 வாக்குகள். இரண்டு மூன்று தோட்டங்களின் மக்கள் சேர்ந்தால் அத்தொகை வந்துவிடும்.

வாக்கிற்காகப் பணமோ பொருளோ கொடுப்பது மட்டுமன்றி வாங்குவதும் 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி குற்றமாகும் என்பதை இங்குக் கூறி வைக்கிறோம்.

இறுதியாக, வேலை தேடிக் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சென்றிருக்கும் உங்கள் அண்ணன் அக்காமாரிடம் ஒரு செய்தியைச் சேர்ப்பியுங்கள். தானாகப் பதிவாகும் வாக்காளரின் தொகுதி அவருடைய அடையாள அட்டையிலுள்ள முகவரியைக் கொண்டே அமைகிறது. முகவரியை மாற்றாதவரின் வாக்கு இன்னும் இத்தோட்டத்தின் தொகுதியிலேதான் இருக்கும். குடிபெயர்ந்தோர் தேசியப் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றிக்கொள்ளட்டும். இல்லையேல் வாக்களிப்பு நாளன்று ஊர் வந்து சேருமாறு விடுப்பிற்கும் பேருந்துச் சீட்டிற்கும் முன்னரே ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.