பதிவேட்டில் 'மறுப்பு' என்று எழுதினேன்

(மதுராந்தகத்தில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மேடையில் பேசிப் பழக்கம் இல்லாதவள் நான். கிராம சுகாதாரச் செவிலியராக இந்தச் சுற்றுவட்டாரத்தில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து, 2022இல் ஓய்வு பெற்றேன். டாக்டர்கள் சங்கத்தில் இருக்கிற கமிட்டிகள் நோய்த்தடுப்புக் கொள்கையை எப்படி உருவாக்குகின்றன, அதில் நமக்கு என்ன வேலை என்று பேசச் சொன்னார்கள். 'நமக்கு என்ன வேலை' என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் புதன்கிழமை தடுப்பூசி முகாம் ஊர்க் கோயில் மண்டபத்தில்தான் நடக்கும். நிழல் இருக்கும், பெஞ்சு இருக்கும் என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் முடிவு செய்த இடம். சேரிப் பெண்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் வருவார்கள். அதற்கு மேல் வரமாட்டார்கள். நானும் சேரிக்காரிதான். ஆனால் கையில் ஐஸ் பெட்டி இருந்ததால் மண்டபத்தில் என்னை உட்காரவிட்டார்கள். மத்தியானம் முகாம் முடிந்ததும், வராத பிள்ளைகளின் பெயருக்கு நேரே காரணம் எழுத வேண்டும். நான் 'மறுப்பு' என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் எழுதுவதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியாது. 'மண்டபம்' என்று எழுத அங்கே இடமில்லை.

பிறகு காலனிப் புளியமரத்தடிக்கு முகாமை மாற்றினேன். சேரிப் பிள்ளைகள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தார்கள். ஊர்ப் பெண்கள் வரவில்லை. ஆனால் அவர்கள் வராததை யாரும் 'மறுப்பு' என்று எழுதச் சொல்லவில்லை. இடத்தை ஏன் மாற்றினாய் என்று என்னிடம்தான் விளக்கம் கேட்டார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், கமிட்டி உட்காரும் மேசைக்குப் போய்ச் சேர்வது இந்தக் காகிதம்தான். என் 'மறுப்பு' ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு எண்ணாகும், மாவட்டத்தில் ஒரு சதவீதமாகும். மேலே போனபின் 'விழிப்புணர்வு குறைவு' என்ற வாக்கியமாகிவிடும்.

கமிட்டி எப்படி வேலை செய்கிறது? 1963இல் தொடங்கிய இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தை எடுத்துக்கொள்வோம். தடுப்பூசிக்கென்று அதில் ஓர் ஆலோசனைக் குழு உண்டு. கூடிப் பேசுவார்கள், ஆய்வுகளைத் திரட்டுவார்கள், எந்த ஆதாரம் வலுவானது, எது மெலிந்தது என்று தரம் பிரிப்பார்கள். வரைவு எழுதி, திருத்தி, 'இந்தியன் பீடியாட்ரிக்ஸ்' இதழில் வெளியிடுவார்கள். நல்ல முறைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. எந்தக் கேள்வியைக் கேட்பது, யாருக்காகக் கேட்பது என்று முடிவு செய்வது. அங்கேயே பாதிக் கதை முடிந்துவிடுகிறது.

அந்தக் கழகத்தின் பரிந்துரை தனியார் கிளினிக் நடத்தும் டாக்டர்களுக்கானது. அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்ல 2001இலிருந்து வேறு குழு இருக்கிறது. ஆக நாட்டில் இரண்டு அட்டவணை. சின்னம்மைக்கும் மஞ்சள் காமாலை ஏ வகைக்கும் கிளினிக் அட்டவணையில் ஊசி உண்டு, என் ஐஸ் பெட்டியில் இருந்ததில்லை. அங்கே தட்டம்மை ஊசியோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்துப் போடுவார்கள். எங்களுடையதில் அது கிடையாது.

2008இல் அந்தக் கழகம் சில தடுப்பு மருந்துகளைத் தனி வகையாகப் பிரித்தது. 'பெற்றோரிடம் தனியாகப் பேசி, அதன்பின் கொடுக்கலாம்' என்பது அந்த வகையின் பெயர். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும், நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசியும் அதில் இருந்தன. தனியாகப் பேசுவது என்றால் என்ன? காசு இருக்கிறதா என்று நாகரிகமாகக் கேட்பதுதான். வயிற்றுப்போக்கில் பிள்ளை சாவது ஏசி அறை வீட்டிலா, ஏரி உள்வாயில் குடிசை போட்டிருக்கும் இருளர் வீட்டிலா? ரோட்டா சொட்டு மருந்து தமிழ்நாட்டு அரசுப் பட்டியலுக்கு 2017இல் வந்தது. நியூமோகாக்கல் 2021இல் வந்தது, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம். இடைப்பட்ட காலத்தில் எங்கள் தாய்மார்களிடம் யாரும் தனியாகப் பேசவில்லை.

சரி, நமக்கு மேசையில்தான் இடமில்லை, ஆதாரத்திலாவது இடம் உண்டா என்றால், தாராளமாக உண்டு. பிசிஜி ஊசி காசநோயைத் தடுக்கிறதா என்ற கேள்விக்கு உலகத்தின் மிகப் பெரிய சோதனை நடந்தது நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூர்ப் பக்கம். 1968இல் தொடங்கினார்கள். 3,66,625 பேரைப் பதிவு செய்து, 2,81,161 பேருக்கு பிசிஜியோ மருந்தில்லாத ஊசியோ போட்டார்கள். யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. முதல் அறிக்கை 1979இல் வந்தது. பெரியவர்களுக்கு நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு இல்லை. உலகமே அதிர்ந்தது. உலக சுகாதார நிறுவனம் நிபுணர்களைக் கூட்டி, 1980இல் கொள்கை அறிக்கை வெளியிட்டது. கைக்குழந்தைகளுக்கு வரும் காசநோயைப் பற்றி இந்தச் சோதனை எதுவும் சொல்லவில்லை, எனவே குழந்தைகளுக்குத் தொடர்ந்து போடலாம் என்றது. பிறந்த குழந்தைக்கு இன்றைக்கும் இடது தோளில் போடுகிறோமே, அது அப்படி நிலைத்த முடிவு.

அது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன், மூளைக்காய்ச்சலாக மாறும் காசநோயிலிருந்து அந்த ஊசி பிள்ளையைக் காக்கிறது. என் வருத்தம் வேறு. பதினைந்து வருஷம் தொடர்ந்து பார்த்த முடிவும் 1999இல் வந்தது, அதிலும் பெரியவர்களுக்குப் பலன் இல்லை. பலன் இல்லை என்றால் வேறு என்ன தடுக்கும்? சோறு, காற்று வரும் வீடு, செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் தூசி இல்லாத வேலை. அந்தக் கேள்விக்கு இரண்டே முக்கால் லட்சம் பேரை வைத்து யாரும் சோதனை நடத்தவில்லை.

அமெரிக்காவில் ஒன்று நடந்தது. அங்கே குழந்தை மருத்துவர் சங்கத்தில் சேர 1939இல் விண்ணப்பித்த இரண்டு கறுப்பின டாக்டர்களை நிராகரித்தார்கள். 1945இல்தான் சேர்த்தார்கள். 2019இல் அதே சங்கம், இனவெறி பிள்ளைகளின் உடல்நலத்தைக் கெடுக்கிறது என்று கொள்கை அறிக்கை போட்டது. மறுவருஷம் பழைய தவறுக்கு மன்னிப்பும் கேட்டது. அவர்கள் அறிக்கைக்கு ஆயுள் ஐந்து வருஷம். அதற்குள் உறுதிப்படுத்தவோ திருத்தவோ செய்யாவிட்டால் தானாகக் காலாவதியாகிவிடும். நம் ஊர் அரசாணைகளுக்கும் இப்படி ஒரு தேதி போட்டால் தேவலை.

சாதி பிள்ளைகளின் உடம்பை என்ன செய்கிறது என்று நம் மருத்துவர் சங்கங்களும் கொள்கை அறிக்கை எழுத வேண்டும். எழுதும் கமிட்டியில் சேரியிலிருந்து வந்த டாக்டர் இருக்க வேண்டும், ஒரு கிராமச் செவிலியரும் இருக்க வேண்டும். வரைவு முடிந்தபின் கருத்துக் கேட்கக் கூப்பிடுவது போதாது, கேள்வியை எழுதும் அன்றைக்கே கூப்பிட வேண்டும். உறுப்பினர்கள் மருந்துக் கம்பெனியோடு உள்ள தொடர்பைச் சொல்வதுபோல, கடைசியாக எந்தச் சேரிக்குப் போனார்கள் என்பதையும் சொல்லட்டும். சிரிக்கிறீர்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இதையெல்லாம் கேட்டுக் கடிதம் எழுதலாம் என்று தோழர்கள் சொல்கிறார்கள். எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். கூடவே, இப்போது வேலையில் இருக்கிற செவிலியர்கள் இங்கே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். முகாம் எந்த இடத்தில் நடந்தது, அங்கே யார் வரமுடியாது என்று உங்கள் பதிவேட்டில் ஓரமாகவாவது எழுதி வையுங்கள். அந்தக் காலத்தில் எனக்கு அது தோன்றவில்லை.