அந்தச் சின்ன ரப்பர் குழாய்

உங்கள் வீட்டில் பழைய அம்பாசடர் நிற்கிறதா? பானெட்டைத் திறந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் விலாவில் தட்டையான ஒரு தகர டப்பி தெரியும். உள்ளே ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும் இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று புறப்பட்டுப் போகும். அதன் மறுமுனையை எங்கே செருகுவது? முப்பது வருஷமாக என் பட்டறையில் ஓயாத வழக்கு அது.

பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, பொறி விழுந்த கணமே மொத்தமாக எரிந்துவிடாது. தீ பரவ நேரம் வேண்டும். அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். எஞ்சின் வேகம் கூடினால் இன்னும் முன்னால் விழ வேண்டும். அதை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் எடைகள் பார்த்துக்கொள்ளும். ஆனால் சமதரையில் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துப் போகும்போது சிலிண்டருக்குள் நுழையும் கலவையே கொஞ்சம்தான். அடுப்பில் சுள்ளி நெருக்கமாக இருந்தால் சட்டென்று பற்றும், தள்ளித் தள்ளிக் கிடந்தால் தீ தயங்கித் தயங்கித்தானே போகும்? அந்தத் தயக்கத்துக்கு ஈடாகப் பொறியை மேலும் முன்னால் கொண்டுவருவதுதான் இந்த டப்பியின் வேலை. எஞ்சினின் உறிஞ்சல் சவ்வை இழுக்கும், சவ்வு, பொறியை எழுப்பும் பாயிண்ட் இருக்கும் உள் தட்டைத் திருப்பும்.

உறிஞ்சல் கிடைக்கும் இடம் இரண்டு. ஒன்று, இன்டேக் மேனிஃபோல்டு; அங்கே ஐட்லிங்கிலேயே முழு உறிஞ்சல் இருக்கும். மற்றது, கார்பரேட்டரில் திராட்டில் தகட்டின் விளிம்பை ஒட்டிப் போட்ட சிறு துளை. ஐட்லிங்கில் அந்தத் துளை தகட்டுக்கு வெளிப்புறம் நிற்பதால் உறிஞ்சல் இல்லை. கொஞ்சம் மிதித்ததும் தகடு துளையைக் கடந்துவிடும். அதன் பிறகு இரண்டு இடமும் ஒன்றுதான். முழுக்க மிதித்தால் இரண்டிலுமே ஏறக்குறைய ஒன்றும் இராது. ஆக, வழக்கு முழுவதும் ஐட்லிங் பற்றியது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் அம்பாசடர், 1489 சி.சி. எஞ்சின். மே மாத வெயிலில் சிக்னலில் நின்றால் சூடு ஏறிவிடும். ரேடியேட்டரை இரண்டு முறை மாற்றிவிட்டார். பாவம், பென்ஷன் பணம். குழாய் கார்பரேட்டர் துளையில் இருந்தது. மேனிஃபோல்டில் ஒரு முனை பொருத்தி அதில் மாட்டினேன். கையே வைக்காமல் ஐட்லிங் ஏறியது. திருகைத் தளர்த்தி இறக்கினோம்; சூடு காட்டும் ஊசியும் இறங்கியது. பொறி தாமதமானால் கலவை எரிந்து முடியுமுன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும், அந்தச் சூடெல்லாம் ஹெட்டில் இறங்கும். அமெரிக்காவில் 1960களின் கடைசியில் புகையைக் குறைக்க ஐட்லிங்கில் வேண்டுமென்றே பொறியைத் தாமதப்படுத்தினார்கள். எஞ்சின் அளவு மீறிச் சூடானால் மட்டும் மேனிஃபோல்டு உறிஞ்சலுக்கு மாற்றிவிட, தண்ணீர்ச் சூட்டில் இயங்கும் ஒரு சுவிட்சையும் வைத்தார்கள். கார்பரேட்டர் துளையே புகைச் சட்டத்துக்காக வந்தது என்று சிலர் சொல்வார்கள். அப்படி அல்ல, 1950களின் ஆங்கிலக் கார்களிலேயே அது உண்டு.

அப்படியானால் எல்லாருக்கும் மேனிஃபோல்டுதானா? அவசரப்படாதீர்கள், நேயர்களே. வேறு கேம் ஷாஃப்ட் போட்ட ஒரு எம்.ஜி.பி. கார் வந்தது. மேனிஃபோல்டில் மாட்டினேன். ஐட்லிங் மூச்சு வாங்குவதுபோல ஏறி ஏறி இறங்கியது. காரணம் டப்பியிலேயே அச்சிட்டிருந்தது!

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. லூகாஸ் கம்பெனியின் டப்பிகளில் மூன்று எண்கள் இருக்கும். 5-17-10 என்று வைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சல் 5 அங்குலப் பாதரசம் வந்ததும் டப்பி அசையத் தொடங்கும், 17-இல் முழுதும் இழுத்துவிடும், டிஸ்ட்ரிபியூட்டரில் 10 டிகிரி திருப்பும். டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று சுற்ற கிராங்க் இரண்டு சுற்று சுற்றுகிறது. ஆகவே கிராங்கில் 20 டிகிரி. ஐட்லிங்கில் உறிஞ்சல் 19 இருந்தால் சவ்வு முழுதும் இழுபட்டு அசையாமல் நிற்கும். அந்த எம்.ஜி.பி.யில், மாற்றிய கேம் ஷாஃப்டால், 10 தான். சவ்வு நடுவழியில் ஊசலாடியது: வேகம் குறைய உறிஞ்சல் குறைந்தது, உறிஞ்சல் குறைய பொறி பின்வாங்கியது, வேகம் மேலும் இறங்கியது. குழாயைக் கார்பரேட்டர் துளைக்கே மாற்றினேன், அடங்கியது. அதனால்தான் முதலில் வேக்குவம் கேஜ் வாங்கச் சொல்கிறேன். ஐட்லிங் உறிஞ்சல் அந்த நடு எண்ணை ஓரிரண்டு அங்குலம் தாண்டி நின்றால் மேனிஃபோல்டு; இல்லையென்றால் கார்பரேட்டர்.

நேரம் நெருங்குகிறது. டைமிங் லைட் பிடிக்குமுன் குழாயைக் கழற்றி, உறிஞ்சும் முனையை அடைத்துவிடுங்கள். டப்பிப் பக்கம் இருக்கும் குழாயைத் துடைத்து, வாயால் உறிஞ்சி, நாக்கால் மூடிப் பாருங்கள். நாக்கு ஒட்டியபடி நின்றால் சவ்வு நன்றாக இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை உங்களில் சிலராவது பானெட்டைத் திறந்து, அந்த மூன்று எண்களைத் தேடுவீர்கள் என்று நம்புகிறேன்.