நின்றுபோகும் எஞ்சின்

மோட்டார் எஞ்சின் கிளம்ப மறுப்பது ஒரு நோய்; கிளம்பிய பிறகு நிலைத்து ஓடாமல் நின்றுவிடுவது வேறொரு நோய். இரண்டாவதைப் பற்றி இன்று சிந்திப்போம்.

சென்னையில் தந்தையார் ஓட்டிய பழைய அம்பாஸடரைப் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனுக்குக் கொண்டுவந்து பேணுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கோல்ஸ் பூங்காவைச் சுற்றி வருவதற்குள் அது இருமுறை நின்றுவிட்டால், எஞ்சினே கெட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். அதற்குமுன் அது எப்போது, எவ்விதம் நிற்கிறது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

எஞ்சினுக்கு இன்றியமையாதவை பெட்ரோல், காற்று, தீப்பொறி ஆகிய மூன்று. விளக்கை அணைத்தாற்போல் திடீரென்று நின்றால், இக்னிஷன் காயிலையும் கம்பி இணைப்புகளையும் முதலில் பார்க்கலாம். திணறித் திணறி ஓய்ந்தால், பெட்ரோல் வரவு குறைந்திருக்கக்கூடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றால், கார்புரேட்டரின் ஐடிலிங்கைச் சீர்செய்தல் வேண்டும். சிறிது தூரம் ஓடி நின்று, இளைப்பாறிய பின் மீண்டும் ஓடினால், பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று 'உஸ்' என்று உள்ளே பாய்ந்தால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. அதைச் சுத்தம் செய்தாலே போதும்.

ஊரின் இயல்பையும் மறத்தலாகாது. பெங்களூர் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைவிட ஏறத்தாழ 8 சதவிகிதம் குறைவு. ஆகவே சென்னையில் அமைத்த கார்புரேட்டர் இங்கே காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோலைத் தரும். ஸ்பார்க் பிளக்கில் படியும் கரி அதற்கு ஓர் அறிகுறி. மேலும், 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இதே நகரில்தான் அறிமுகமாயிற்று. எத்தனால் பழைய டாங்கின் கசடுகளைக் கரைத்து பில்டரை அடைக்கலாம். பழைய ரப்பர்க் குழாய்களையும் கெடுக்கலாம்.

புதிய வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை; கோளாற்றின் குறியீட்டைக் கருவி கொண்டு படிக்கிறார்கள். ஆயினும் குறியீடு ஆராய்ச்சியின் தொடக்கமேயன்றி முடிவன்று.

ஓர் எச்சரிக்கை. பவர் பிரேக் உள்ள வண்டியில் ஓட்டத்தின்போது எஞ்சின் நின்றால், சிறிது நேரத்தில் பிரேக் கனத்துவிடும். விட்டுவிட்டு மிதியாமல், ஒரே அழுத்தமாக அழுத்தி, ஓரத்தில் நிறுத்துதல் வேண்டும். சில்லறைக் கோளாறு எனத் தள்ளிப்போடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

பட்டறைக்குச் செல்லுமுன், சூட்டிலா குளிரிலா, திடீரென்றா திணறியா, மெதுவோட்டத்திலா வேகத்திலா என்று குறித்துக்கொள்ளுங்கள். தமிழிலோ கன்னடத்திலோ உருதுவிலோ இம்மூன்றையும் சொல்லத் தெரிந்தால், வேண்டாத உறுப்புகளை மாற்றும் செலவு பெரும்பாலும் மிச்சம்.