மருந்தா, அதிர்ஷ்டமா? காசநோய்க் கணக்கில் நாலும் ரெண்டும்

[ரிஷிவந்தியத்தில் சுகாதாரப் பணியாளர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.]

கடைசி வரிசையில கேக்குதா? சரி.

நான் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறவன், டாக்டர் இல்லை. இதை முதல்லயே சொல்லிடறேன். போன தடவை இப்படிப் பேசி முடிச்சதும் ஒரு பெரியவர் எக்ஸ்ரேயை எடுத்து என் கையில கொடுத்துட்டார்.

இந்தப் பக்கத்துல டிபி வேலை பார்க்கிற ஒரு தம்பி எனக்குப் பழக்கம். அவர் சொன்ன விஷயத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். எண்களைக் கொஞ்சம் மாத்திச் சொல்றேன். அவர் பார்க்கிற பகுதியில ஒரு வருஷம் 40 நோயாளிகள், அதுல 4 பேர் இறந்துட்டாங்க. அடுத்த வருஷமும் 40 பேர், இறந்தது 2 பேர். மீட்டிங்ல கைதட்டினாங்களாம். "இறப்பு பாதியாகக் குறைந்தது" என்று ஸ்லைடு போட்டுக் காட்டினாங்களாம். இவர் முகத்துல சந்தோஷமே இல்லை. "அடுத்த வருஷம் மறுபடி நாலு ஆச்சுன்னா, சார், அப்போ டபுள் ஆயிடுச்சுன்னு என்னைத்தானே நிக்க வச்சுக் கேப்பாங்க?" என்றார்.

அவருடைய பயம் நியாயமானது. ஏன் என்று சில்லறைக் காசை வச்சே பார்த்துடலாம்.

ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்து ஆறு இறப்பு. சிகிச்சையில எந்த மாற்றமுமே வரலைன்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். அப்படின்னா ஒவ்வொரு இறப்பும் இந்த வருஷத்துலயும் விழலாம், அந்த வருஷத்துலயும் விழலாம். பூவா தலையா மாதிரி. ஆறு தடவை சுண்டினா மொத்தம் 64 விதமா விழலாம். அதுல மூணுக்கு மூணுன்னு சரிசமமா வர்றது 20 தடவைதான். மீதி 44 தடவை நாலு-ரெண்டு, அஞ்சு-ஒண்ணு, இல்லைன்னா ஆறும் ஒரே பக்கம். 64ல 44 என்றால் நூத்துக்கு 69. அதாவது, எதுவுமே மாறாத ஊர்லகூட, இந்த அளவோ இதைவிடப் பெரிசாவோ ஒரு வித்தியாசம் மூணு தடவைக்கு ரெண்டு தடவை தானாவே வந்து நிக்கும். இதுக்கு மாலையும் தேவையில்லை, மெமோவும் தேவையில்லை.

ஒண்ணு சொல்லிடணும். ரெண்டு உயிர் ரெண்டு உயிர்தான். அந்த வீடுகள்ல போய், உங்க அப்பா பிழைச்சது புள்ளியியல்படி செல்லாதுன்னு சொல்ல எனக்கு வாய் வராது. நாம கேக்கிறது வேற கேள்வி. நாம செஞ்ச வேலையாலதான் அது நடந்ததா, அதை அடுத்த வருஷமும் நம்பலாமா என்பது.

இப்போ அதே விகிதத்தைப் பெரிய எண்ணிக்கையில போடுங்க. ஒரு வருஷம் 4,000 பேர்ல 400 இறப்பு, மறு வருஷம் 4,000 பேர்ல 200. 600 தடவை காசு சுண்டி 400 ஒரு பக்கம், 200 ஒரு பக்கம்னு விழுமா? வாழ்நாள் பூரா சுண்டினாலும் பார்க்க முடியாது. சதவீதம் ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான், 10ல இருந்து 5. ஆனா முதல் கணக்கு எதையும் சொல்லலை, ரெண்டாவது கணக்கு சத்தமா சொல்லுது. அதனால பேப்பர்ல வெறும் சதவீதம் மட்டும் போட்டிருந்தா, எத்தனை பேர்ல என்று தேடுங்க. போடலைன்னா அந்தச் செய்தியை அப்படியே மடிச்சு வச்சுடுங்க.

"எதுவுமே மாறலைன்னு வச்சுக்கிட்டா, இந்த வித்தியாசம் தற்செயலா வர்றதுக்கு எவ்வளவு வாய்ப்பு?" இந்த வாய்ப்புக்குத்தான் பி மதிப்பு என்று பேர். அது நூத்துக்கு அஞ்சுக்குக் கீழே போனா "சிக்னிஃபிகன்ட்" என்கிறாங்க. அந்த அஞ்சு எங்கிருந்து வந்தது? ரொனால்ட் ஃபிஷர் என்கிற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1925ல எழுதின புத்தகத்துல வசதிக்காகச் சொன்ன ஓர் எல்லை. அது சாமி கொடுத்த எண் கிடையாது. 4.9 வந்தா மருந்து, 5.1 வந்தா தண்ணின்னு ஆயிடாது.

தமிழ்ல இந்தச் சொல் படுத்துற பாடு தனி. பத்திரிகையில "குறிப்பிடத்தக்க முன்னேற்றம்" என்று எழுதிடறாங்க. படிக்கிறவர் பெரிய முன்னேற்றம்னு நினைச்சுக்கிறார். ஆய்வுக் கட்டுரை சொன்னது அது இல்லை. தற்செயல்னு ஒதுக்க முடியாதுன்னு மட்டும்தான் சொன்னது. பெரிசா சின்னதா, அந்தக் காசுக்குத் தகுமா என்றெல்லாம் அந்தச் சொல்லுக்குள்ள எதுவும் இல்லை.

இதைக் காசநோயை வச்சுச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மருந்து பலன் தருதான்னு குலுக்கல் போட்டுச் சோதிக்கிற முறையே பெரும்பாலும் இந்த நோயிலதான் வளர்ந்தது. ஏன் குலுக்கல்? கல்வராயன் மலையில இருந்து இறங்கி வர்ற நோயாளி பெரும்பாலும் நோய் முத்தின பிறகுதான் வருவார். ரோட்டோரக் கிராமத்து நோயாளி சீக்கிரம் வந்துடுவார். மலையில இருந்து வர்றவங்களுக்கு ஒரு மருந்து, கீழே இருக்கிறவங்களுக்கு ஒரு மருந்துன்னு கொடுத்துட்டு எது நல்ல மருந்துன்னு கேட்டா, பதில்ல மருந்தும் இருக்கும், மலையும் இருக்கும். ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றோமே, அது சோறு எல்லாம் ஒரே மாதிரி வெந்திருக்கும்னு நம்பிச் சொல்றது. மனுஷன் சோறு இல்லை. அதனால முதல்ல நல்லாக் கலக்கிட்டு, அப்புறம் ரெண்டாப் பிரிக்கணும்.

பிரிட்டன்ல அப்படிப் பண்ணி, 1948ல முடிவை வெளியிட்டாங்க. ஸ்ட்ரெப்டோமைசின் புதுசா வந்திருந்தது, எல்லாருக்கும் கொடுக்கிற அளவுக்குக் கையிருப்பு இல்லை. பிராட்ஃபர்ட் ஹில் என்கிற புள்ளியியலாளர், யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் படுக்கை ஓய்வு என்பதை முன்கூட்டியே குலுக்கி, உறையில போட்டு ஒட்டி அனுப்பிட்டார். ஆறு மாசத்துல, மருந்து எடுத்த 55 பேர்ல 4 பேர் இறந்தாங்க. எடுக்காத 52 பேர்ல 14 பேர். இது தற்செயலா நடக்க நூத்துல ஒரு வாய்ப்புகூட இல்லை. அசைக்க முடியாத சிக்னிஃபிகன்ட்.

அதே நோயாளிகளை அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தா அந்த வித்தியாசத்துல பெரும்பகுதி கரைஞ்சு போயிருந்தது. கிருமி மருந்துக்குப் பழகிடுச்சு. ஒரே மருந்தா கொடுக்கக் கூடாது, சேர்த்துக் கொடுக்கணும்னு உலகம் கத்துக்கிட்டது அப்போதான். ஆறு மாசக் கணக்கு பொய்யா? இல்லை. ஆறு மாசத்துக்கு அது உண்மை. பி மதிப்புக்கு அடுத்த அஞ்சு வருஷத்தைப் பத்தி எதுவும் தெரியாது, அவ்வளவுதான்.

இனி நம்ம சென்னைக்கு வருவோம். சேத்துப்பட்டுல 1956ல காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினாங்க. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து. இன்னைக்கு அதுதான் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்துல டிபி என்றால் சானடோரியம். தாம்பரம் பக்கம் மின்சார ரயில்ல போனவங்களுக்கு அந்த ஸ்டேஷன் பேரு தெரியும். ஆனா நாட்டுல நோயாளிகள் லட்சக்கணக்குல, படுக்கைகள் ஆயிரக்கணக்குல. அப்போ கேள்வி இது: வீட்டுல இருந்துகிட்டே மாத்திரை சாப்பிட்டா தேறுவாங்களா?

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கிப் பிரிச்சாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஐசோனியசிடும் பாஸும், ஒரு வருஷம். ஒரு பக்கம் சானடோரியம். நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்சு. இன்னொரு பக்கம் நெருக்கடியான வீடு, அரை வயிறு, வேலைக்கும் போயாகணும். மையத்தின் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ், புள்ளியியல் பார்த்தவர் எஸ். ராதாகிருஷ்ணா. 1959ல முடிவு வந்தது. வருஷக் கடைசியில கிருமி அடங்கினவங்க சானடோரியத்துல 92 சதவீதம், வீட்டுல 86 சதவீதம்.

இங்கதான் கவனிக்கணும். கடைசிக் கணக்குக்குள்ள வந்தவங்க ஒரு பக்கத்துக்குச் சுமார் 80 பேர். 80ல ஆறு சதவீதம் என்றால் அஞ்சு பேர். அஞ்சு பேர் வித்தியாசம் தற்செயலா வர்றதுக்கு, நான் போட்டுப் பார்த்த கணக்குல, அஞ்சுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. சிக்னிஃபிகன்ட் இல்லை. பாடப் புத்தகத்துல இதை "வித்தியாசம் இல்லை" என்று ஒரே வரியில முடிச்சுடறாங்க. அது தப்பு. இதே எண்களை வச்சு இடைவெளி போட்டுப் பார்த்தா, சானடோரியம் 15 சதவீதம் வரைக்கும் மேலா இருந்திருக்கலாம், வீடு மூணு நாலு சதவீதம் மேலா இருந்திருக்கலாம். ரெண்டுக்கும் இந்த ஆய்வு இடம் கொடுக்குது. "வித்தியாசத்தை நிரூபிக்க முடியலை" என்பது ஒண்ணு, "ரெண்டும் சமம்னு நிரூபிச்சாச்சு" என்பது இன்னொண்ணு. சாட்சி இல்லாம கேஸ் தள்ளுபடி ஆனா திருடலைன்னு அர்த்தமா? நம்ம ஊர்ல யாரும் அப்படி எடுத்துக்கிறதில்லையே.

அப்புறம் எதை நம்பி சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுபோனாங்க? பி மதிப்பை மட்டும் நம்பி இல்லை. வீட்டுல 86 சதவீதம் என்பதே பெரிய விஷயம். படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கானவங்களுக்கு அதுவரைக்கும் இருந்தது சிகிச்சையே இல்லாத வாழ்க்கை. அடுத்து, வீட்டுல இருக்கிறவங்களுக்கு நோய் கூடுதலா ஒட்டுதான்னு தனியாப் பார்த்தாங்க, கூடலை. அஞ்சு வருஷம் தொடர்ந்து போய்ப் பார்த்தாங்க, ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்து நின்னது. பிரிட்டன் கணக்கு கரைஞ்சது, சென்னைக் கணக்கு நின்னது. முதலாவது சிக்னிஃபிகன்ட், ரெண்டாவது இல்லை. அதனாலதான் இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுச் சொன்னேன்.

ஆனா ஒரு இடத்துல சறுக்கிட்டோம்னு நினைக்கிறேன். இது என் அபிப்பிராயம். நல்லாச் சாப்பிட்டவங்களும் அரை வயிறு சாப்பிட்டவங்களும் ஒரே மாதிரி தேறினாங்கன்னு பார்த்ததும், டிபிக்கு மாத்திரை போதும், சாப்பாடு முக்கியமில்லைங்கிற எண்ணம் நிலைச்சுப் போச்சு. அந்த ஆய்வு கேட்டது மருந்து ஒழுங்காக் கிடைக்கும்போது கிருமி அடங்குதான்னு. சானடோரியத்துல இருந்தவங்க எடை கூடுதலா ஏறினாங்க, அதுவும் அறிக்கையிலயே இருக்கு. வீட்டுல இருக்கிற மத்தவங்களுக்குச் சாப்பாடு கொடுத்தா நோய் வராம தடுக்குமான்னு அது கேக்கவே இல்லை. கேக்காத கேள்விக்குப் பதிலை நாமளே எழுதிக்கிட்டோம்.

அந்தக் கேள்வியைக் கேட்டது ரொம்பப் பின்னாடி, ஜார்க்கண்ட்ல. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழு, 2023ல லான்செட் இதழ்ல வெளியிட்டாங்க. நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பை. அதுக்கு மேல, குலுக்கல்ல வந்த பகுதிகள்ல குடும்பத்தாருக்கும் சேர்த்து, பெரியவங்க ஒருத்தருக்கு மாசம் 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ துவரம் பருப்பு. பத்தாயிரத்துக்கும் மேல குடும்பத்தார். அரிசி பருப்பு வாங்கின வீடுகள்ல புதுசா டிபி வந்தது 39 சதவீதம் குறைவு. செய்தியில அந்த 39தான் வந்தது. உள்ளே போய்ப் பார்த்தா, நூத்துக்கு 2.6 பேருக்கு வந்தது 1.7 பேருக்குக் குறைஞ்சது. நூத்துக்கு ஒருத்தர்கூட இல்லையேன்னு தோணும். இன்னொரு விதமாச் சொன்னா, சுமார் 30 குடும்பத்துக்கு அரிசி பருப்பு கொடுத்தா ஒருத்தருக்கு டிபி வராம தடுக்கலாம். ரேஷன் கடை இருக்கிற நாட்டுல இது பெரிய செலவா? எனக்குத் தெரிஞ்சு இல்லை. ஆனா அது புள்ளியியல் பதில் சொல்ற கேள்வி இல்லை, நாம சொல்ல வேண்டியது.

[பார்வையாளர் ஒருவர்: "சார், எங்க மாதிரி கீழ்மட்டத்துல வேலை பார்க்கிறவங்க, செஞ்சது பலன் தந்துச்சான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?"]

நல்ல கேள்விம்மா. காசநோய் இறப்பில்லாத் திட்டம், நீங்க செய்யறதுதானே, 2022ல தொடங்கினது. நோய்னு தெரிஞ்ச உடனே உயரம் எடை பார்க்கிறீங்க, மூச்சு எண்ணுறீங்க, ஆக்சிஜன் 94க்குக் கீழேயான்னு பார்க்கிறீங்க, தாங்கிப் பிடிக்காம நிக்க முடியுதான்னு பார்க்கிறீங்க. மோசமா இருந்தா அட்மிஷன். மாநிலம் முழுக்கச் சேர்த்தா எண்ணிக்கை பெருசு, தற்செயல் என்கிற பிரச்சனை போயிடும். ஆனா அங்க வேற வம்பு. முன் வருஷத்தோட ஒப்பிட்டா முன் வருஷம் கொரோனா வருஷம். எண்ணிக்கை எவ்வளவு பெருசா இருந்தாலும் அந்தக் குழப்பத்தைப் பி மதிப்பு தீர்க்காது. உங்க மட்டத்துல இறப்பை மட்டும் எண்ணாதீங்க. நாப்பது பேர்ல எத்தனை பேருக்கு எடை பார்த்தீங்க, மோசமா இருந்தவங்கள்ல எத்தனை பேர் ஒரு வாரத்துக்குள்ள படுக்கைக்குப் போனாங்க, அதை எண்ணுங்க. அது உங்க கையில இருக்கிறது, காசு சுண்டுறது இல்லை.

அந்தத் தம்பியும் இதைத்தான் வேற மாதிரி கேட்டார். "எத்தனை வருஷம் சேர்த்தா சார் எனக்குத் தெரியும்?" இறப்பு நிஜமாவே 10 சதவீதத்துல இருந்து 5க்கு இறங்கியிருந்தா, அதைப் பெரும்பாலும் தவற விடாம பிடிக்க ஒரு பக்கத்துக்குச் சுமார் 430 நோயாளி வேணும். வருஷத்துக்கு 40 பேர்னா பதினோரு வருஷம். "அதுக்குள்ள எனக்கு எத்தனை டிரான்ஸ்ஃபர் வரும் சார்" என்று சிரிச்சார். பதினோரு ஒன்றியம் சேர்ந்தா ஒரே வருஷம்தான் என்றேன். இப்போ சங்கராபுரம், தியாகதுருகம், திருக்கோவிலூர் பக்கம் வேலை பார்க்கிற தன் கூட்டாளிங்களைக் கூப்பிட்டு, எல்லாரும் ஒரே மாதிரி பதிவேடு எழுதலாமான்னு கேட்டுக்கிட்டிருக்கார்.