அனர்த்த வேளையும் தாதியர் திறனும்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



அப்புத்தளை மூடுபனியை யன்னலால் பார்த்துக்கொண்டே பாடம் கேட்டவர்கள் நாம். அன்று மழை என்றால் நமக்குச் சந்தோஷம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதிக்குப் பிறகு அப்படி இல்லை. அன்று காலை கொஸ்லாந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறதென்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். தப்பியவர்கள் கொஸ்லாந்தை, பூனாகலை பாடசாலைகளில் தங்கினார்கள். மண்ணைத் தோண்டியவர்களை நாடே பார்த்தது. அப்படிப்பட்ட வகுப்பறைகளில் தாதியர் செய்யவேண்டிய வேலையைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

முதலாவது, தரம் பிரித்தல். கூடுதலாகக் கத்துபவரை விடச் சத்தமில்லாமல் கிடப்பவருக்கே அவசரம் அதிகமாக இருக்கலாம். நடக்கிறாரா, மூச்சு எப்படி, நாடி எப்படி, சொல்வது விளங்குகிறதா என்று ஒரு நிமிடத்துக்குள் பார்த்து முடிவெடுக்க வேண்டும். இது பழகிய கைக்குத்தான் வரும், ஒத்திகை தேவை.

இரண்டாவது, அடுத்த நாட்களைக் கவனித்தல். சேற்றில் பட்ட காயத்துக்கு ஏற்புவலித் தடுப்பூசி, வெள்ள நீரில் நின்றவருக்கு எலிக்காய்ச்சல் பற்றிய விழிப்பு, கொதித்தாறிய நீர், மலசலகூடம், கர்ப்பிணிகளின் கணக்கு. ஒரே வகுப்பறையில் மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் என்றால், அதை எழுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அன்றே அறிவிக்க வேண்டும். கிரைமியப் போரில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் விளக்கை மட்டும் ஏந்தவில்லை. மரணங்களைக் காரணம்வாரியாக எண்ணியும் வைத்தார். எண்ணுவதும் பராமரிப்புத்தான்.

மூன்றாவது, தன்னைக் காத்தல். கொவிட் காலத்தில் நாம் படித்த பாடம் அது. பாதுகாப்பு அங்கியை அணிவதை விடக் கழற்றும்போதே கவனம் தவறும். களைத்த தாதிக்கு ஓய்வு கொடுப்பதும் தொற்றுத் தடுப்பில் ஒரு பகுதி.

நான்காவது, மொழி. முகாமுக்கு வருபவரின் கிளினிக் கொப்பி மண்ணுக்குள் போயிருக்கும். "என்ன மருந்து குடிக்கிறீர்கள்?" என்று வைத்தியர்களாகிய நாம் கேட்டால், "வெள்ளை மாத்திரை" என்பார் பாட்டி. அருகில் உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எந்த நோய்க்குக் கொடுத்தார்கள் என்று அவர் பேசும் தமிழிலேயே கேட்கும் தாதி அந்தக் கொப்பியைத் திரும்ப எழுதிவிடுவாள். இறந்தவரைத் தேடிக்கொண்டிருக்கும் தாயிடம் எப்போது பேசுவது, எப்போது பேசாமல் கூட இருப்பது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அந்தத் தாதியர் நம்மிடம் போதாது. அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் வேண்டும். நமது தோட்டப்புறப் பாடசாலைகளில் அந்தப் பிரிவே அரிது. கெட்டிக்காரப் பிள்ளை கலைப் பிரிவுக்குப் போவது பல வேளைகளில் விருப்பத்தால் அல்ல, வேறு வழியில்லாததால்.

கொழும்பிலும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கும் சகோதரிகளே, நூற்றாண்டு நினைவாக நாம் ஒரு வளைவு கட்டலாம். அதற்கு முன் ஓர் உயிரியல் ஆசிரியருக்கு வழிசெய்வோம். விடுதிப் பணம் இல்லாத பிள்ளை ஒருத்தியைப் பொறுப்பேற்போம். மழை மறுபடியும் வரும். அன்று ஒரு பாட்டி, "நெஞ்சு படபடன்னு வருது புள்ள" என்றால், அது உடனே விளங்கும் தாதி இந்த மண்டபத்திலிருந்து போனவளாக இருக்கட்டும்.