அழகா, அளவா?

நடுவர் அவர்களே! ஆயர் குரோ டோல் தாண்டி நெடுஞ்சாலை ஏறினால் உச்ச வேக வரம்பு 110 கிலோமீட்டர். அந்த வேகத்தில் உயிரைக் காப்பது ரிம்மின் பளபளப்பா? இல்லை, அளவு!

2012இல் வந்த டொயோட்டா 86 காரையே பாருங்கள். அதன் ஐந்து போல்ட்டுகள் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் நிற்கின்றன. 114.3 வட்டத்து ரிம், எத்தனை அழகானாலும், அதில் உட்காராது. நடுத்துளை 56.1. துளை பெரிதானால் இடைவெளிக்கு வளையம் போட வேண்டும். இல்லையேல் ஸ்டீயரிங் நடுங்கலாம். ஆஃப்செட் 48. அது மிகவும் குறைந்தால் டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டும், பள்ளத்தில் உரசும்.

மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடியும் முறுக்கிப் பாருங்கள்.

நிறத்தை மட்டும் பார்த்தா பெண் கொடுக்கிறோம்? காருக்கும் பொருத்தம் பாருங்கள்.