செப்பு என்னும் சொல்



திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த காளஹஸ்தியைத் தமிழர் திருக்காளத்தி என்று போற்றுவர். சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் தமிழில் பாடிய தலம் அது. 16ஆம் நூற்றாண்டில் தூர்ஜடி என்னும் கவிஞர் தெலுங்கில் பாடிய தலமும் அதுவே. அக்கோயிற் பிராகாரத்தில் இன்றும் இரு மொழிகளும் ஒலிக்கின்றன.

அங்கே அடிக்கடி நம் செவியில் விழும் தெலுங்கு வினைச்சொல் ஒன்று உண்டு. அதுவே 'செப்பு'. 'செப்பண்டி' என்றால் 'சொல்லுங்கள்' என்று பொருள். ஆந்திரத்தில் வாழும் தமிழர் இல்லத்தில் குழந்தை, "அம்மா, கதை செப்பு" என்று கேட்டுவிட்டால், தமிழ் கெட்டுவிட்டதே என்று பெற்றோர் வருந்துவது இயல்பு. அந்த வருத்தத்திற்குக் காரணம் உண்டா என்று சற்றே ஆராய்வோம்.

செப்புதல் தமிழுக்கு அயற்சொல் அன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் கேள்வியை 'வினா' என்றும், அதற்கு இறுக்கும் விடையைச் 'செப்பு' என்றும் குறிக்கிறார். இவ்விணையில் மற்றதற்கும் தெலுங்கில் உறவு உண்டு. 'வினண்டி' என்றால் 'செவிகொடுத்துக் கேளுங்கள்' என்பது பொருள். தமிழில் வினவுதல் கேள்வி கேட்டலாக நிலைத்தது. தெலுங்கில் 'வினு' என்பது காதால் கேட்டலாக நிலைத்தது. நம்முடைய 'கேள்' என்னும் சொல் இவ்விரு பொருளையும் ஒருங்கே தாங்குவதை எண்ணினால், இவ்வேறுபாடு வியப்பளிக்காது.

அப்படியானால் யார் யாரிடம் கடன் வாங்கினர்? ஒருவரும் வாங்கவில்லை. தமிழும் தெலுங்கும் ஓரினத்து மொழிகள் என்பதை 1816இல் எல்லிஸும், 1856இல் கால்டுவெல்லும் எடுத்துக்காட்டினர். பொதுவான முதுசொத்தில் நாம் 'சொல்' என்பதைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டு, 'செப்பு' என்பதைச் செய்யுளுக்கு ஒதுக்கினோம். தெலுங்கர் அதனை அன்றாடம் வழங்குகின்றனர்.

ஒலி ஒத்தவை யாவும் உறவாகிவிடா என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தெலுங்கில் காலணிக்கும் 'செப்பு' என்றே பெயர். அது காளத்தியில் கண்ணப்பர் அணிந்திருந்ததாகச் சொல்லப்படும் செருப்புக்கு உறவான சொல். நம் செப்பேட்டில் உள்ள செப்போ செம்பைக் குறிப்பது.

ஆகவே, குழந்தை 'செப்பு' என்றால் கடிந்துகொள்ள வேண்டாம். அது நம் இலக்கணத்திலும் உள்ள பழஞ்சொல் என்று எடுத்துரைத்து, நாம் பேச்சில் 'சொல்' என்போம் என்பதையும் உடன் கற்பியுங்கள். கடிந்தால் குழந்தை தமிழ் பேசவே அஞ்சும். காரணம் கூறினால் இரு மொழிகளையும் விரும்பிக் கற்கும்.